செவிக்கு எட்டும் அட்டவணைகள்

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். எனினும், பாடத்திற்கு வேண்டிய செய்திகளைக் கணினியின் துணைகொண்டு தாமே திரட்டிக்கொள்ளும் பழக்கம் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், எழுத்தறிவைப் பற்றிய பாடமொன்றிற்காக, 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து சில எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த இணையப் பக்கம் ஒன்றை அவர் நாடினார். மறுநாள் வகுப்பில், பீகார் மாநிலத்துப் பெண்களுள் நூற்றுக்கு 71.2 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்று கூறினார். உடனே மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அது ஆண்களுக்கு உரிய எண். பெண்களுக்கு 51.5 என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது" என்றாள். மாணவி கூறியதே சரி.

ஆசிரியர் தம் பிழையை ஒப்புக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். ஆயினும் அன்று வகுப்பில் எழுந்த முணுமுணுப்பு எண்ணைப் பற்றியதாக இல்லை. கண் தெரியாதவர் கணக்குச் சொன்னால் இப்படித்தான் இருக்கும் என்பதாக இருந்தது. இதனை என்னிடம் கூறியபொழுது அவர் வருந்தியதும் அதன் பொருட்டே. பின்னர் ஒரு நாள் அவர் அருகில் அமர்ந்து, அதே பக்கத்தை அவருடைய கணினி படிக்கக் கேட்டேன். பிழை எங்கு நேர்ந்தது என்பது சிறிது நேரத்திலேயே விளங்கிற்று. அவருடைய செவியிலும் குறையில்லை, கருத்திலும் குறையில்லை. அட்டவணையை அமைத்த முறையிலேயே குறை இருந்தது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் அட்டவணைகளை அமைத்து வருகிறார்கள். தடுப்பூசிப் பட்டியல், மழைக் கணக்கு, வருகைப் பதிவேடு, தேர்வு மதிப்பெண், காலிப் பணியிடங்கள் என்று அவை பலவகை. முன்பு காகிதத்தில் நின்றவை இன்று பெரும்பாலும் இணையத்தில் ஏறிவிடுகின்றன. ஆதலால் இந்தக் குறை எத்தகையது, அதனை நீக்குவது எங்ஙனம் என்பதை அறிந்துகொள்ளுதல் அவர்களுக்குப் பயன்படும்.

கண் செய்யும் வேலை

மேற்கூறிய பக்கத்திலிருந்த அட்டவணையின் ஒரு பகுதி இது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் நூற்றுக்கு எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்பதை இது காட்டுகிறது.

மாநிலம் | மொத்தம் | ஆண் | பெண்
கேரளம் | 94.0 | 96.1 | 92.1
தமிழ்நாடு | 80.1 | 86.8 | 73.4
இராஜஸ்தான் | 66.1 | 79.2 | 52.1
பீகார் | 61.8 | 71.2 | 51.5

இதில் 52.1 என்ற எண்ணைப் பாருங்கள். தனியே நிற்கும்பொழுது அதற்குப் பொருளே இல்லை. அது வயதாகவும் இருக்கலாம், கிலோகிராமாகவும் இருக்கலாம். நம் கண் அதன்மேல் பட்டவுடன், இடப்புறம் ஓடி 'இராஜஸ்தான்' என்பதையும், மேலே ஓடிப் 'பெண்' என்பதையும் தொட்டுத் திரும்பிவிடுகிறது. இந்த ஓட்டம் மிக விரைவானது. ஆதலால் அப்படியொன்று நிகழ்வதாகவே நாம் உணர்வதில்லை. பெரிய அட்டவணையாயின் விரலை வைத்தும், அளவுகோலை வைத்தும் கண்ணுக்கு உதவுகிறோம். ஆக, அட்டவணையில் ஓர் எண்ணைப் படிப்பது என்பது உண்மையில் மூன்று கட்டங்களைச் சேர்த்துப் படிப்பதேயாகும்.

இப்பொழுது இதே அட்டவணையை ஒருவர் வாசிக்க மற்றொருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதாகக் கொள்வோம். வாசிப்பவர் தலைப்பு வரியை ஒருமுறை படித்துவிட்டு, பின்னர் எண்களை மட்டும் வரிசையாகப் படித்துச் செல்கிறார். "பீகார், அறுபத்தொன்று புள்ளி எட்டு, எழுபத்தொன்று புள்ளி இரண்டு, ஐம்பத்தொன்று புள்ளி ஐந்து." மூன்று எண்கள்தாமே, நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பத்தெட்டு மாவட்டங்களின் மழை அளவு என்றால் எவராலும் இயலாது. அறிவுள்ள வாசிப்பாளர் இதனை உணர்ந்து, "பீகார், ஆண்கள், 71.2, பெண்கள், 51.5" என்று தலைப்பையும் சேர்த்தே படிப்பார். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பழகியவர்கள் எவரும் கற்பிக்காமலேயே இம்முறையைக் கைக்கொண்டுவிடுகிறார்கள். பிரெயில் எழுத்தில் நூல்களைப் பெயர்ப்போரும், பக்கத்தின் அகலத்தில் அடங்காத அட்டவணையைப் பெயர்க்கும்பொழுது, ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புகளைத் திரும்ப எழுதிக் கட்டுரை போல விரிப்பதுண்டு.

கணினித் திரையில் உள்ளவற்றைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளும் இந்த வாசிப்பாளரின் வேலையைச் செய்யவல்லது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. எந்தக் கட்டம் தலைப்பு, எது வெறும் எண் என்பதை யாரேனும் முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எழுத்தின் தடிப்பு போதாது

நம் ஆசிரியர் திறந்த பக்கத்தில் 'ஆண்', 'பெண்' என்னும் சொற்கள் தடித்த எழுத்தில், நீலப் பின்னணியில், எவர் கண்ணுக்கும் தலைப்பாகவே தோன்றுமாறு அமைந்திருந்தன. எனினும் பக்கத்தின் உள்ளமைப்பில் அவற்றுக்கும் 71.2 என்ற எண்ணுக்கும் வேறுபாடே இல்லை. எல்லாமே சாதாரணக் கட்டங்கள். அவர் எண்களை ஒப்பிட விரும்பி, ஒரு நெடுவரிசையின் வழியே கீழ்நோக்கிச் சென்றார். 96.1, 86.8, 79.2, 71.2 என்று கருவி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிற்று. கூடவே 'மூன்றாம் நெடுவரிசை' என்றும் கூறிற்று. முதல் நெடுவரிசையில் மாநிலப் பெயர் இருப்பதை எண்ணாமல், மொத்தம், ஆண், பெண் என்று கணக்கிட்டு, மூன்றாவது பெண்ணுக்கு உரியது என்று அவர் கொண்டுவிட்டார். அவ்வளவே நிகழ்ந்தது.

இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அட்டவணை அமைக்கும் முறை எளிது. கோணக் குறிகளுக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் எழுதப்படும் ஒட்டுகள் அம்மொழியின் உறுப்புகள். 'டேபிள்' என்னும் ஒட்டு முழு அட்டவணையையும் அடக்குகிறது. 'டி.ஆர்.' ஒரு கிடைவரிசையைக் குறிக்கிறது. 'டி.டி.' என்பது தரவு நிற்கும் கட்டம். 'டி.எச்.' என்பது தலைப்பு நிற்கும் கட்டம். வேண்டியதெல்லாம் தலைப்புகளை 'டி.டி.' எனக் குறியாமல் 'டி.எச்.' எனக் குறிப்பதே. நம் அட்டவணையில் மேல் வரியிலுள்ள நான்கு சொற்களும், இடப்புறத்து நான்கு மாநிலப் பெயர்களும் 'டி.எச்.' ஆக வேண்டும். பலர் மேல் வரியைக் குறித்துவிட்டு இடப்புறத்தை மறந்துவிடுகிறார்கள். அங்ஙனம் செய்தால் கருவி 'பெண், 52.1' என்று மட்டும் கூறும். எந்த மாநிலம் என்பதற்குக் கேட்போர் திரும்பவும் இடப்புறம் நடக்க வேண்டும்.

தலைப்பு எத்திசை நோக்கி ஆட்சி செலுத்துகிறது என்பதையும் குறிக்கலாம். அதற்கு 'ஸ்கோப்' என்னும் பண்பு உண்டு. அதன் மதிப்பாகச் 'சி.ஓ.எல்.' என்னும் மூன்று எழுத்துக்களை இட்டால் தலைப்பு கீழ்நோக்கி நெடுவரிசைக்கு உரியதாகும். 'ஆர்.ஓ.டபிள்யூ.' என இட்டால் பக்கவாட்டில் கிடைவரிசைக்கு உரியதாகும். சிறிய அட்டவணைகளில் இதனை எழுதாவிடினும் உலாவிகள் பெரும்பாலும் சரியாகவே உணர்ந்துகொள்ளும். இருப்பினும் எழுதிவிடுவதே நலம் என்பது என் கருத்து. எட்டு எழுத்துக்கு மேல் உழைப்பு இல்லாத இடத்தில் ஊகத்திற்கு ஏன் இடம் விட வேண்டும்?

ஊகம் என்றது காரணத்தோடுதான். ஒட்டு இல்லாத இடத்தில் சில திரைவாசிப்பான்கள், முதல் வரிசை தலைப்பாகத்தான் இருக்கும் என்று தாமே கருதிக்கொண்டு படிப்பதுண்டு. அக்கருத்துப் பல சமயம் பலிக்கும். முதல் வரிசையில் வெறும் ஊர்ப் பெயரோ, 'படிவம் 4' என்ற சொல்லோ இருந்தால், ஒவ்வோர் எண்ணுக்கு முன்னும் கருவி 'படிவம் 4' என்று ஓதத் தொடங்கிவிடும். எதுவும் சொல்லாத கருவியைக் காட்டிலும் இது கேட்போரை அதிகமாகத் திகைக்க வைக்கும்.

முழு அட்டவணைக்கும் ஒரு பெயர் வேண்டும். அதற்கு உரிய ஒட்டுக் 'கேப்ஷன்'. 'மாநிலவாரியாக எழுத்தறிவு, 2011' என்று அதில் எழுதினால், அட்டவணையை அடைந்தவுடன் திரைவாசிப்பான் அப்பெயரைக் கூறும். கேட்பவர் உள்ளே செல்வதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்துகொள்ளலாம். பக்கத்தில் பதினைந்து அட்டவணைகள் இருக்கையில் இதன் அருமை விளங்கும். அட்டவணையின் மேல் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியத்தைத் தனியே எழுதி வைப்பது இதற்கு ஈடாகாது. அந்த வாக்கியம் அட்டவணைக்கு உரியது என்பது கருவிக்குத் தெரியாது.

இம்மாற்றங்களைச் செய்து, அதே எண்களைக் கொண்ட ஒரு பக்கத்தை அமைத்து ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் கீழ்நோக்கி நகர்ந்தபொழுது, கருவி முதலில் 'பெண்' என்று சொல்லிற்று. பின்னர் 'கேரளம், 92.1', 'தமிழ்நாடு, 73.4' என்று இறங்கிற்று. நெடுவரிசை மாறாத வரையில் 'பெண்' என்பதை அது திரும்பக் கூறவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தபொழுது மாநிலப் பெயரை விட்டு, மாறிய தலைப்பை மட்டும் சொல்லிற்று. நல்ல வாசிப்பாளர் எப்படிப் படிப்பாரோ அப்படியே. ஆசிரியர் சிறிது நேரம் மேலும் கீழும் சென்று பார்த்தார். பின்னர், "கேரளத்தில் ஆண் பெண் இடைவெளி நான்குதான், இராஜஸ்தானில் இருபத்தேழு. இதைத்தான் நான் வகுப்பில் பேச நினைத்தேன்" என்றார். ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த இன்பம் அட்டவணையின் உயிர். தலைப்புக் குறியிடப்படாத அட்டவணை அதனைப் பார்வையற்றோருக்கு மறுத்துவிடுகிறது.

பழைய ஏற்பாடே

இந்த ஒட்டுகள் நேற்று வந்தவை அல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட முதற் குறிப்பட்டியலில் அட்டவணைக்கே இடமிருக்கவில்லை. அட்டவணைக்கான முறையான வரையறையை டேவ் ராகெட் எழுதி 1996 மே மாதத்தில் வெளியிட்டார். தலைப்புக் கட்டத்திற்கெனத் தனி ஒட்டு அதிலேயே இருந்தது. 'ஸ்கோப்' என்பது 1997 டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பில் சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கருவி கையில் இருக்க, நாம்தான் அதனை எடுக்காதிருக்கிறோம். அக்காலத்தில் பக்கத்தின் படங்களையும் பத்திகளையும் ஒழுங்காக நிறுத்துவதற்கு அட்டவணையைச் சட்டகம்போலப் பயன்படுத்தும் வழக்கம் பரவிற்று. அட்டவணை என்றால் கோடு கிழித்து இடம் பிரிப்பது என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உலகளாவிய இணைய அமைப்பு 1999-இல் வெளியிட்ட அணுகுதல் நெறிகளிலும், பின்னர் 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளிலும் இவ்விஷயம் இடம் பெற்றுள்ளது. பார்வைக்குத் தோன்றும் அமைப்பும் உறவும் கருவியாலும் அறியத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பது அந்நெறி. மூன்று படிகளுள் அடிப்படைப் படியிலேயே அது வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இல் முதன்முதலாக வந்தன. 2023-இல் வெளியான மூன்றாம் பதிப்பு உலக நெறிகளைத் தழுவியே அமைந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களிலுள்ள செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருத்தல் வேண்டுமென விதிக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகளாகக் குறிக்கப்பட்டோர் 2.68 கோடி. அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

அலுவலகப் பழக்கங்கள்

காகிதத்தில் நல்ல பழக்கமாக இருந்தவை சில, திரையில் தீங்காக மாறிவிடுவதைக் காண்கிறோம்.

முதலாவது, 'மேற்படி' என்னும் சொல். ஒரே ஊர்ப் பெயர் பத்து வரிசையில் வருமாயின், முதல் வரிசையில் பெயரை எழுதி மற்றவற்றில் 'மேற்படி' என்றோ இரட்டைக் காற்புள்ளியோ இடுவது நம் எழுத்தர்களின் நெடுநாள் வழக்கம். மை மிச்சப்பட்ட காலத்து வழக்கம் அது. ஏழாம் வரிசையில் நேராக வந்து இறங்கிய திரைவாசிப்பான் 'மேற்படி, 42' என்று கூறும்பொழுது, கேட்பவர் ஆறு படிகள் மேலேற வேண்டியிருக்கிறது. வரிசைகளை அகரமுதலாக மாற்றி அடுக்கினாலோ 'மேற்படி' எதனைக் குறிக்கிறது என்பது பார்வையுடையோருக்கும் தெரியாமற் போகும்.

இரண்டாவது, வெற்றுக் கட்டம். மழைக் கணக்கில் ஒரு நாளுக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தால் மழை இல்லையா, அளவி பழுதா, எழுத மறந்தார்களா? கண்ணால் காண்போருக்கே இது ஐயம். செவியால் கேட்போருக்குக் கட்டம் இருந்ததா என்பதே ஐயம். மழை பெய்யாத நாளுக்கு '0' என்றும், அளவு கிடைக்காத நாளுக்கு 'அளக்கப்படவில்லை' என்றும் எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது பழக்கம் இவற்றினும் கொடியது. பெயர்ப் பட்டியலைத் தட்டெழுதுவோர் சிலர், ஒரே ஒரு கட்டத்தை அமைத்து, அதற்குள் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அடுத்த வரிக்கு இறங்கும் விசையை அழுத்தி, முப்பது பெயர்களையும் எழுதிவிடுவார்கள். அடுத்த கட்டத்தில் அவ்வாறே முப்பது மதிப்பெண்கள். திரையில் பார்த்தால் பெயருக்கு நேராக மதிப்பெண் அழகாக நிற்கும். திரைவாசிப்பானோ முப்பது பெயர்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, அதன் பின்னர் முப்பது மதிப்பெண்களையும் படிக்கும். பத்தொன்பதாம் மாணவனின் மதிப்பெண் எது என்று எவரால் கூற இயலும்? எழுத்தின் அளவைச் சிறிது பெரிதாக்கினால், நீளமான ஒரு பெயர் இரண்டு வரிகளாகி, பார்வையுடையோருக்கும் அதற்குக் கீழுள்ள எண்கள் அனைத்தும் ஒருபடி தவறிப்போகும். கைப்பேசியில் காண்போர் இதனை நன்கு அறிவர். இடைவெளி விசையை அழுத்தி அழுத்திப் பத்தி பிரிப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

வண்ணத்தால் மட்டும் செய்தி சொல்வதும் கூடாது. தேறாத மாணவர்களின் எண்ணைச் சிவப்பாக்கி வைத்தால் கருவி சிவப்பைப் படிப்பதில்லை. 'தேர்ச்சி இல்லை' என்று ஒரு நெடுவரிசையில் எழுதிவிட வேண்டும். நிறக்குருடு உடையோருக்கும் அதனால் உதவி உண்டு.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பட்டியல்கள் இன்றும் வலம் வருகின்றன. திரையில் அவை தமிழாகத் தோன்றினும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. திரைவாசிப்பான் அவற்றை உள்ளபடியே உளறிக் கொட்டும். தலைப்புக் கட்டங்களை எவ்வளவு முறையாகக் குறித்தாலும், தலைப்பே உளறலாக இருந்தால் என்ன பயன்? யூனிகோடு முறையில் எழுதியிருப்பதும், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருப்பதும் இதற்கு முன்னரே செய்துகொள்ள வேண்டியவை.

அடுக்குத் தலைப்புகள்

எழுத்தறிவு அட்டவணையில் கிராமம், நகரம் என்று இரண்டு பெருந்தலைப்புகளும், ஒவ்வொன்றின் கீழும் ஆண், பெண் என்று சிறுதலைப்புகளும் இருந்தால் வேலை சற்றுக் கடினமாகிறது. 'கிராமம்' என்னும் கட்டம் இரண்டு நெடுவரிசைகளுக்கு மேல் அகன்று நிற்கிறது. அது ஒரு குழுவுக்குத் தலைப்பு என்பதைக் குறிக்க 'ஸ்கோப்' பண்பில் வேறொரு மதிப்பும், அதனோடு நெடுவரிசைகளைக் குழுவாகப் பிரிக்கும் ஒட்டும் உண்டு. அதற்கும் அடங்காதவற்றில், ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அடையாளப் பெயர் இட்டு, ஒவ்வொரு தரவுக் கட்டத்திலும் அதற்குரிய தலைப்புகளின் அடையாளங்களை எழுதி இணைக்கலாம். நூறு கட்டங்களுக்கு நூறு முறை எழுத வேண்டும். ஓரிடத்தில் பிழைத்தால் கண்டுபிடிப்பது அரிது.

எல்லாத் திரைவாசிப்பான்களும் அடுக்குத் தலைப்புகளை ஒரே விதமாகப் படிப்பதும் இல்லை. ஆதலால் நான் கூறும் யோசனை வேறு. ஒரே அட்டவணையை இரண்டாக உடைத்துவிடுங்கள். கிராமத்திற்கு ஒன்று, நகரத்திற்கு ஒன்று. அல்லது 'கிராம ஆண்', 'கிராமப் பெண்', 'நகர ஆண்', 'நகரப் பெண்' என்று ஒரே வரியில் நான்கு தலைப்புகளாக எழுதிவிடுங்கள். காகிதத்தில் இடம் அடங்க வேண்டும் என்பதற்காகவே கட்டங்களை இணைக்கும் வித்தை வந்தது. திரையில் அந்த நெருக்கடி இல்லை.

அட்டவணையின் இடையில், 'தென் மாவட்டங்கள்', 'வட மாவட்டங்கள்' என்று முழு அகலத்திற்கும் ஒரு வரியைச் செருகுவதும் இதைப் போன்றதே. 'மண்டலம்' என்று ஒரு நெடுவரிசையைக் கூட்டி, ஒவ்வொரு மாவட்டத்திற்கும் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கணினியில் அடுக்கவும் வடிகட்டவும் அதுவே வசதி.

குறிமொழி அறியாதோருக்கு

ஊழியர்களுள் பெரும்பாலோர் குறிமொழியை நேராக எழுதுவதில்லை. வேர்டு போன்ற எழுத்து மென்பொருளில் பட்டியலை அமைத்து மேலிடத்திற்கு அனுப்புகிறார்கள். அங்கும் இதற்கு வழி உண்டு. வேர்டில் அட்டவணையின் முதல் வரிசையைத் தெரிவு செய்து, அந்த வரிசை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திரும்ப வருமாறு செய்யும் கட்டளையைக் கொடுத்தால், அவ்வரிசை தலைப்பு வரிசையாகவும் குறிக்கப்பட்டுவிடுகிறது. அச்சிலும் அதனால் நன்மையே. எக்செலில் தரவுப் பகுதியை அட்டவணையாக மாற்றும் கட்டளையின்பொழுது, முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளன என்னும் பெட்டியில் குறியிட வேண்டும். மேல் வரிசையை நகராமல் நிறுத்தி வைக்கும் வசதி கண்ணுக்கு உரியதே அன்றி, அது தலைப்பைக் குறிப்பதாகாது.

கோப்பைப் பி.டி.எப். ஆக மாற்றும்பொழுது, அச்சிடும் வழியாக மாற்றாமல், சேமிக்கும் வழியாக மாற்றினால் இக்குறிகள் உடன் செல்லும். அச்சிட்டுக் கையொப்பமிட்டு, அந்தத் தாளை வருடிப் படமாக ஏற்றுவதே இன்றைய அலுவலகங்களில் மிகுதியும் நடக்கிறது. அப்படத்தில் தலைப்பும் இல்லை, எண்ணும் இல்லை, எழுத்தே இல்லை. திரைவாசிப்பான் 'படம்' என்று கூறி நின்றுவிடும். கையொப்பமிட்ட படி அவசியமாயின் அது ஒருபுறம் இருக்கட்டும். அதனோடு மூலக் கோப்பையும் சேர்த்தே ஏற்றுதல் வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. படத்தை நம்பி எண்களைத் திரும்பத் தட்டெழுதும் கீழ்நிலை அலுவலகங்களுக்கும் உழைப்பு மிச்சமாகும்.

சோதித்தல்

கணினி இல்லாமலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. வகுப்பறையிலும் இதனைச் செய்து காட்டலாம். ஒரு மாணவன் அட்டவணைக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். மற்றொருவன் எண்களை மட்டும் வரிசையாகப் படிக்கட்டும். ஐந்து வரிசைகள் சென்றபின், ஏதேனும் ஓர் எண்ணின் பொருளைக் கேளுங்கள். பின்னர் தலைப்புகளோடு சேர்த்துப் படிக்கச் செய்து, அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டாம் முறை படிக்கும்பொழுது வாசிப்பவன் எந்த இடத்தில் தயங்குகிறானோ, அங்கே அட்டவணையின் அமைப்பிலேயே குழப்பம் இருக்கிறது என்று கொள்ளலாம். இணைக்கப்பட்ட கட்டங்களிலும் 'மேற்படி' வரும் இடங்களிலும் அவன் தயங்குவதைக் காண்பீர்கள்.

உண்மைக் கருவியைக் கொண்டே சோதிக்க விரும்புவோருக்கு என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய முயற்சி அது. விண்டோஸ் கணினிகளில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். தமிழிலும் பேசும். குரல் சற்று இயந்திரத் தன்மையோடு இருக்கும், பழகிவிட்டால் உறுத்தாது. இணையப் பக்கத்தைத் திறந்து 'டி' என்னும் எழுத்தை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவும். கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசைகளைத் தட்டினால் கட்டம் கட்டமாக நகரலாம். திரையை அணைத்துவிட்டு, உங்கள் மாவட்டத்தின் ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள். சென்ற கட்டத்தின் பெயரைக் கருவி தானே கூறிற்றா, அல்லது நீங்கள் விரல் விட்டு எண்ண நேர்ந்ததா என்பதே சோதனையின் விடை.

பழைய அட்டவணைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கையில் எங்கே தொடங்குவது என்று கேட்கலாம். மக்கள் மிகுதியாகத் திறப்பவற்றையும், விண்ணப்பத்திற்கு இறுதி நாள் முதலிய கெடு உள்ளவற்றையும் முதலில் திருத்துவது தக்கது. மாதந்தோறும் ஒரே அச்சில் வரும் அறிக்கையாயின், மூலப் படிவத்தை ஒருமுறை திருத்தினால் போதும். அதன்பின் வரும் மாதங்கள் தாமே சரியாக வரும். நம் ஆசிரியர் குறிப்பிட்ட பக்கத்தை நடத்துவோருக்கு, எந்தக் கட்டங்களைத் தலைப்பாகக் குறிக்க வேண்டும் என்பதை எழுதி ஒரு கடிதம் அனுப்பினார். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின்னர் மேல் வரிசை திருத்தப்பட்டது. மாநிலப் பெயர்கள் இன்னும் வெறும் கட்டங்களாகவே நிற்கின்றன. அதற்காக இரண்டாவது கடிதம் ஒன்றை அவர் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறார்.